மேல் விளிம்பில் ஒரு பெயர்

கோம்,
ஈரான்,
மெஹர் மாதம் 14

அன்புள்ள ஹூஷங் அண்ணாவுக்கு,

தங்கை அக்தர் எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் நடந்ததைக் கேள்.

பதினைந்து நாள் மஷ்ஹத் தர்காவுக்கு ஜியாரத் போயிருந்தேன். நானாகப் போகவில்லை, அப்பாதான் அனுப்பினார். "ஏழு வருஷமா தறியை விட்டு எழுந்திருக்கல நீ. போய் எனக்கும் சேர்த்து வேண்டிட்டு வா" என்று பஸ் டிக்கெட்டை அவரே வாங்கி வந்து கையில் வைத்தார். அப்பா இவ்வளவு கரிசனமாகப் பேசிக் கேட்டு நாளாயிற்றா, நானும் மயங்கிப்போய்க் கிளம்பிவிட்டேன். மரமும் பறவையுமாக இரண்டு வருஷம் நாலு மாதம் நான் நெய்த அந்தப் பட்டுக் கம்பளத்தில் அப்போது மேல் கரையில் பெயர் வரும் வரிசைகள் மட்டும்தான் பாக்கி இருந்தன.

திரும்பி வந்து பட்டறைக் கதவைத் திறக்கிறேன், தறி காலி. அறுத்த நூல் முனைகள் மட்டும் தொங்குகின்றன. யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்துக் கத்திவிட்டேன்.

பத்ரி இருக்கிறாளே, பக்கத்தில் உட்கார்ந்து பதினொரு வருஷமாக என் காதைத் தின்கிறவள், அவள்தான் ஓடி வந்து சொன்னாள். "உன்னை பஸ் ஏத்தின மறுநாளே உஸ்தாத் சீலையைக் கட்டிட்டாரு. மேல் கரையில பேரு போடுறாராம். எங்களை எல்லாம் வீட்டுக்குப் போங்கன்னுட்டாரு. பதினோரு நாள் உள்ள தனியா. அப்புறம் ஒருநாள் காலைல வந்து பாத்தா, அறுத்துச் சுருட்டி வச்சிருக்காரு. இனிப்பு கூட குடுக்கலடி."

பெயர் போடும்போது உஸ்தாதாகிய அப்பா சீலைக்குப் பின்னால் தனியாகத்தான் இருப்பார், அது நம் பட்டறை வழக்கம். அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் கம்பளத்தை அறுப்பது எல்லோரும் கூடி நின்று நபி மேல் ஸலவாத் சொல்லிச் செய்கிற காரியம் இல்லையா? நெய்தவள் அல்லவா முதல் நூலை அறுக்க வேண்டும்? சீலையைக்கூட எடுக்காமல் பெயருக்கு மேலேயே வைத்துத் தைத்து, உட்புறமாகச் சுருட்டி, கழுவுவதைக்கூட அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று உனக்கு விமானத்தில் ஏற்றிவிட்டாராம். கேட்டால், "உன் அண்ணன் அவசரப்படுத்தினான்" என்கிறார். நிஜமாகவே நீ அவசரப்படுத்தினாயா? அப்படியானால் உன்னோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

தறியில் ஏற்றிய நாள் முதல் ஒரு முழத்துக்கு மேல் சேர்த்து அதை நான் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் கீழே சுருண்டு போய்விடும். ஒரு படமாவது எடுத்து அனுப்பு.

என் கணவர் யதுல்லாவுக்குப் பல் வலி. அப்பா தேநீர் சமோவரில் அடிக்கடி கையைச் சுட்டுக்கொள்கிறார், எடுத்துச் சொன்னால் எரிந்து விழுகிறார். அண்ணிக்கு சோஹான் மிட்டாய் இரண்டு டப்பா தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ தின்று தீர்த்துவிடாதே.

கோபத்தோடும் அன்போடும்,
அக்தர்


ஹாம்பர்க்,
1974 நவம்பர் 4

அக்தர்,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படி. அப்பா கையில் கிடைக்க வேண்டாம்.

உன் கடிதத்துக்கு முன்பே கம்பளம் வந்துவிட்டது. நம் அப்பாவின் கம்பளம் வருகிறது என்று நாலு பெரிய வியாபாரிகளைக் கிடங்குக்கு அழைத்திருந்தேன். விரித்தோம். நாலு பேரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள், அவ்வளவு நன்றாக இருந்தது. நான்தான் பெருமையோடு அந்தச் சீலையின் தையலைப் பிரித்தேன். தப்ரீஸ்காரர் ஒருவர், எழுபது வயதுக் கிழவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து உரக்கப் படித்தார். "அக்தர் நிக்பாஃப்."

எனக்கு முதலில் காதில் ஏறவே இல்லை. அவர் நிமிர்ந்து கேட்டார், "யாருப்பா அது அக்தர்? உங்கப்பா பேரை மாத்திக்கிட்டாரா, இல்ல பட்டறையைப் பொம்பளைங்ககிட்ட விட்டுட்டாரா?" நாலு பேரும் சிரித்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். உன் பெயர். நாற்பது வருஷமாக 'ஹபீப் நிக்பாஃப்' என்று அப்பாவின் பெயர் மட்டுமே இருந்த இடத்தில் உன் பெயர். கீழே விரித்திருந்த கம்பளம் அப்படியே என்னை விழுங்கிவிடக்கூடாதா என்று இருந்தது.

இப்போது உன் கடிதம் வருகிறது. மஷ்ஹதாம், ஜியாரத்தாம், காலித் தறியைப் பார்த்துப் படபடப்பாம். அப்பா பதினொரு நாள் உட்கார்ந்து பெயர் போட்டாராம். யார் பெயரை? அவருக்குத் தன் பெயர் மறந்துவிட்டதா? நீயும் அந்தப் பத்ரியும் சேர்ந்து கட்டிய கதை இது. அப்பா கண்ணாடி போடாத நேரம் பார்த்துச் செய்துவிட்டு, சீலையை வைத்துத் தைக்கவும் வைத்துவிட்டாய். உனக்கு இவ்வளவு ஆசை இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம். சின்னதாக ஒரு தொழுகை விரிப்பில் உன் பெயரைப் போட்டுக்கொள் என்று நானே அப்பாவிடம் பேசியிருப்பேன்.

நல்லவேளையாக மானம் முழுதும் போகவில்லை. இங்கே வெர்னர் என்று கம்பளம் பழுதுபார்ப்பவர் இருக்கிறார், கைதேர்ந்தவர். உன் பெயரைப் பிரித்து எடுத்துவிட்டார். பழைய கம்பளம் ஒன்றைக் கொடுத்தேன், அதைப் பார்த்து முடிச்சுக்கு முடிச்சு அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டார். படம் கேட்டாயே, இதோடு வைத்திருக்கிறேன். திருத்திய பிறகு எடுத்தது.

அப்பாவுக்குத் தெரிந்தால் நெஞ்சு தாங்காது. அவருக்காகத்தான் உன்னைச் சும்மா விடுகிறேன்.

ஹூஷங்


கோம்,
ஆபான் மாதம் 27

அண்ணா,

உன் கடிதத்தை நான் தனியாகப் படிக்கவில்லை. படிக்க விட்டால்தானே.

மூன்று வாரமாக அப்பா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு உறையைக் கையில் வாங்கியவர் நேராகத் தறிக்கு வந்து என் மடியில் போட்டார். "படி. சத்தமா படி. ஒரு வரி விடக் கூடாது" என்றார். பத்ரியும் இருந்தாள். நான் உறையைக் கிழித்து முதல் வரியைப் பார்த்தேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னவோ வாய்க்கு வந்தபடி, "அன்புள்ள தங்கைக்கு" என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். மேல் கரையைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன். தப்ரீஸ் கிழவர் படித்த இடம் வந்தது. என் பெயர். எனக்கு எழுத்தே கலங்கிப் போய்விட்டது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்குகிறது. "பாத்தானா? உரக்கப் படிச்சிருப்பானே?" என்று கேட்கிறார். "சொல்லுடி, உன் பேரு அங்க நல்லா இருக்குதாமா?"

அண்ணா, அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில்தான். என்னை ஏன் மஷ்ஹதுக்கு அனுப்பினார், சீலையை ஏன் எடுக்கவில்லை, எல்லாம் சேர்ந்து தலையில் இறங்கியது. பத்ரி, "ஐயோ அக்தர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷ அழுகைதான். கையிலிருந்த தாளில் இன்னும் கீழே பார்த்தேன். பிரித்து எடுத்துவிட்டார் என்று நீ எழுதியிருக்கிறாய்.

"படி படி" என்கிறார் அப்பா. படித்தேன். என்ன படித்தேன் தெரியுமா? தப்ரீஸ்காரர் என் பெயரைப் பார்த்துவிட்டு, உஸ்தாத் பட்டறையை நல்ல கையில் கொடுத்திருக்கிறார் என்று சொன்னாராம். என் அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லையாம். நான்கு பேரும் எழுந்து நின்றார்களாம். இவ்வளவு பொய் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "தப்ரீஸ்காரனா அப்படிச் சொன்னான்? கோம்காரனைப் பாராட்ட அவனுங்களுக்கு வாயே வராதே" என்று அப்பா மறுபடி மறுபடி சொல்லிச் சிரித்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மெதுவாகக் கேட்டேன், "கடிதத்தை நீங்களே படிச்சிருக்கலாமே அப்பா?" உடனே அவர் சிரிப்பு நின்றது. "கண்ணு போயிடுச்சும்மா" என்றார், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்ததாம், இரண்டு வருஷமாக. டெஹ்ரான் டாக்டர் கண் அழுத்தம் என்று சொல்லி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டாராம். யாரிடமும் சொல்லவில்லை. ஊசித் துளை அளவு பார்வை மிச்சம் இருந்தபோது உட்கார்ந்து என் பெயரை நெய்திருக்கிறார். பதினொரு நாள். முடித்த வாரமே அதுவும் போய்விட்டது. சமோவரில் கை சுடுகிறது என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன் நான், பாவி.

நீ வெர்னரை வைத்துப் பிரித்தது என் பெயரை இல்லை. அப்பா கடைசியாகப் போட்ட முடிச்சுகளை. சந்தேகம் இருந்தால் ஒரு தடவை கையால் தடவிப் பார்த்திருக்கலாமே. அப்பா இடது கைக்காரர். இந்தப் பட்டறையில் அவர் போட்ட முடிச்சு மட்டும்தான் எதிர்ப்பக்கம் சாயும். நீ பத்து வயதில் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எது அப்பா நெய்தது என்று சொல்வாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு இல்லையா?

நான் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உன் படமும் வேண்டாம். கிழித்துவிட்டேன்.

அக்தர்


ஹாம்பர்க்,
1974 டிசம்பர் 2

என் அன்புத் தங்கை அக்தருக்கு,

கிடங்கில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன்.

நேராக வெர்னரிடம் ஓடினேன். எடுத்த பட்டு எங்கே என்று கேட்டேன். குப்பை வண்டி வாரம் ஒருமுறை வருகிறது என்றார். அவருக்கு என்ன தெரியும், நான் சொன்னதைச் செய்தார். அவருடைய மேஜைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினேன். கிடைத்தது மயிர்போல நாலு பிசிறு, அதுவும் எந்தக் கம்பளத்தினுடையதோ.

நான் கெட்டவன் இல்லை, அக்தர். உனக்கே தெரியும். அப்பாவின் பெயரை விற்றுத்தான் இந்த ஊரில் நான் தலைநிமிர்ந்து நிற்கிறேன். அந்தப் பெயர் இல்லையென்றதும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. அவரே அதை எடுப்பார் என்று எந்த மகன் நினைப்பான்? ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே அவர். உன்னிடமும் சொல்லாமல், என்னிடமும் சொல்லாமல், இது என்ன விளையாட்டு? எனக்கும் கோபம் வரத்தான் செய்கிறது.

சரி, நடந்ததை மாற்ற முடியாது. ஒரு வழி யோசித்திருக்கிறேன். வெர்னரை வைத்தே மறுபடி உன் பெயரைப் போடச் சொல்கிறேன். எழுத்தை நான் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். நவ்ரோஸ் புத்தாண்டுக்குக் கம்பளத்தோடு வருகிறேன், வீட்டில் விரிப்போம், விருந்தாளிகள் எல்லோரும் உன் பெயரைப் படிக்கட்டும். அப்பா கண் தெரியாதவர்தானே. அவருக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? நீ மட்டும் வாயைத் திறக்காமல் இரு. அவர் சந்தோஷமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதற்காவது ஒத்துக்கொள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் அண்ணன்,
ஹூஷங்


கோம்,
ஆஸர் மாதம் 24

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றும் அப்பா படிக்கச் சொன்னார். நானும் தயாராகத்தான் இருந்தேன். பனி, நவ்ரோஸ், அண்ணியின் உடம்பு என்று ஏதேதோ சேர்த்துச் சொன்னேன். முடித்துவிட்டு தாளை மடித்தேன். அப்பா கையை நீட்டினார்.

"தாள் ரெண்டு தடவை திரும்பிச்சு. சேதி கால் பக்கம்தான் வருது. போன தடவையும் இப்படித்தான்."

"மீதியெல்லாம் வியாபாரக் கதை அப்பா."

"அக்தர், உன் அண்ணன் பொறந்ததிலேர்ந்து உன்னை ஒரு வார்த்தை புகழ்ந்ததில்ல. போன கடிதத்துல பெருமை தாங்கலைன்னு எழுதியிருக்கான்னு நீ படிச்சப்பவே எனக்குச் சந்தேகம் தட்டிடுச்சு. என்னமோ நடந்திருக்கு. நீயா சொல்லுவேன்னு இத்தனை நாள் காத்திருந்தேன். இப்ப படி."

இரண்டு கடிதத்தையும் எடுத்து வந்து முதலிலிருந்து படித்தேன். ஒரு வரி விடவில்லை. அப்பா கண் தெரியாதவர்தானே என்று எழுதியிருக்கிறாயே, அதையும் படித்தேன். படிக்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. தேநீர் ஆறி ஏடு படிந்துவிட்டது. பத்ரி வாசலில் செருப்பை மாட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா கேட்டார், "இப்ப அதுல யார் பேரு இருக்கு?"

"உங்க பேருப்பா."

"யார் கை?"

"ஜெர்மன்காரர் ஒருத்தர்."

அவர் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை, அண்ணா. அம்மா போனபோதுகூட இல்லை. "அப்ப அது போலி" என்றார். "நாப்பது வருஷத்துல பஜார்ல எத்தனை பேர் என் பேரைத் திருடிப் போட்டிருக்கானுங்க. ஒருத்தனையும் விட்டதில்ல, கடை நடுவுல வச்சு நானே பிரிச்சுப் போட்டிருக்கேன். என் பேரைப் போலியா போடுறவன் என் வீட்டுலயே பொறந்திருக்கான்னு எனக்குத் தெரியலையே." பிறகு பத்ரியைக் கூப்பிட்டு, "நீயும் கேட்டுக்க" என்றார். "அவன் கையாலயே அதைப் பிரிக்கச் சொல்லு. ஜெர்மன்காரன் தொடக் கூடாது. அவன் உட்கார்ந்து பிரிக்கட்டும். அந்த இடம் வெறும் நூலா கிடக்கட்டும். இனி அவன்கிட்ட ஒரு முழம் கம்பளம் போகாது."

இதை எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். அவர் சொல்லாததையும் எழுதுகிறேன். அன்றிலிருந்து அவர் பட்டறைக்குள் வரவில்லை. கொர்ஸிக் கணப்பு மேஜைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உன் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்.

நீ மறுபடி என் பெயரைப் போட வேண்டாம். யாரோ தாளைப் பார்த்துப் போட்ட பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அந்தக் கம்பளம் உனக்கே இருக்கட்டும், விற்கவோ வைத்துக்கொள்ளவோ செய்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை உன்னிடம்தான் கேட்க முடியும். நான் என் பெயரை அங்கே பார்க்கவில்லை. ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. அப்பாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எனக்கே தெரியாதும்மா" என்றார். "ஒவ்வொரு முடிச்சாத்தான் தெரிஞ்சுது. எண்ணி எண்ணிப் போட்டேன். முழுப் பேரும் சேர்ந்து எப்படி வந்துச்சுன்னு பாக்கக் கண்ணு இல்ல." எந்த நிறப் பட்டு எடுத்தீர்கள் என்றால், தடவித்தான் எடுத்தாராம், மாறிப் போயிருந்தாலும் இருக்கும் என்கிறார்.

பார்த்தவன் நீதான். அதனால் எழுது. என்ன நிறத்தில் இருந்தது? முதல் எழுத்து நேராக நின்றதா, சாய்ந்திருந்ததா? இரண்டாம் எழுத்தின் மேலே புள்ளி வருமே, அதை அப்பா எப்படிப் போட்டிருந்தார்? கடைசி எழுத்தின் வால் கரையில் ஓடும் பூங்கொடியோடு சேர்ந்து போயிற்றா, தனியாக நின்றதா? பெரிதாக இருந்ததா? நன்றாக இருந்ததா, அண்ணா?

மறக்காமல் எழுது. இதற்கு மேல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

அக்தர்


ஹாம்பர்க்,
1975 ஜனவரி 9

அக்தர்,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள்.

அப்பா சொன்னதைச் செய்துவிட்டேன். கடையைப் பூட்டிவிட்டு நானே உட்கார்ந்து பிரித்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. பழக்கம் விட்டுப்போன கை, கொக்கி நகக்கண்ணில் இரண்டு தடவை ஏறிவிட்டது. இப்போது அந்த இடத்தில் யார் பெயரும் இல்லை, வெறும் நூல் தெரிகிறது. அப்பாவிடம் சொல். அவர் கேட்காவிட்டாலும் சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

வெர்னரைக் கேட்டேன். அவருக்கு நம் எழுத்து தெரியாது. பின்பக்கத்திலிருந்து பிரித்ததால் அது எழுத்து என்றே தோன்றவில்லை, கொடி என்று நினைத்தேன் என்கிறார். தப்ரீஸ்காரரின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "பேரைப் படிச்சேன்பா, நிறத்தை யாரு பாத்தா" என்றார்.

கருநீலம் என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கருநீலம், புள்ளி மட்டும் தங்க நிறம், வால் கொடியோடு சேர்ந்திருந்தது என்று எழுதியும்விட்டேன். நன்றாகத்தான் வந்தது, நீயும் நம்பியிருப்பாய். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன். இன்னொரு போலியை உனக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எனக்குத் தெரியாது, அக்தர். குனிந்தேன், உன் பெயர் என்று படித்தேன், காது சூடாகிவிட்டது, சுருட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு நேரம்தான், வெர்னரிடமும் சுருட்டியபடியேதான் கொடுத்தேன். முப்பது வருஷமாகக் கம்பளம் விற்கிறவன் நான். கண்ணை மூடி எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன், நிறம் வரவில்லை, எழுத்து வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. நம் வீட்டில் அதைப் பார்க்கக் கிடைத்தவன் நான் ஒருவன்தான். நான் பார்க்கவில்லை.

ஹூஷங்